கடலோரத்து ஆறு மைல்: டப்ளின் – டன் லீரி இருப்புப்பாதையின் கதை

அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினுக்குத் தென்கிழக்கே ஆறு மைல் தொலைவில் டன் லீரி என்னும் கடற்கரை ஊர் உள்ளது. அவ்வூரின் துறைமுகத்தையும் தலைநகரையும் இணைத்து 1834ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய புகைவண்டியே அயர்லாந்தின் முதற் புகைவண்டி. காலையில் பணிக்குச் சென்று மாலையில் இல்லம் திரும்பும் நகர மாந்தரை நாள்தோறும் ஏற்றிச்சென்ற வகையில், உலகின் முதற் புறநகர் இருப்புப்பாதை அதுவே என்று குறிப்போரும் பலர். அதே பாதை, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அந்நாட்டு மக்கள் தம் மண்ணை விட்டு வெளியேறிய வாயிலாகவும் இருந்தது. சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்கு ஓடிய போட் மெயிலைப் பற்றிக் கேட்டறிந்த தமிழர்க்கு, கப்பலுக்காகக் காத்திருக்கும் வண்டியும் வண்டிக்காகக் காத்திருக்கும் கப்பலும் புதியன அல்ல. ஆயினும் டப்ளின் பாதையின் கதையில் வேறொரு செய்தி உண்டு. ஊரின் பெயர், நிலையங்களின் பெயர்கள், கடிகாரத்தின் நேரம் ஆகிய மூன்றுமே அங்கு ஆட்சியின் கைப்பொருள்களாக இருந்தன. ஆட்சி மாறியபோது இவற்றுள் இரண்டு மீட்கப்பட்டன.

கதை பாதையிலிருந்து தொடங்குவதன்று. ஒரு புயலிலிருந்து தொடங்குகிறது. 1807ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள், நெப்போலியனை எதிர்த்துப் போரிடுவதற்கென்று புதிதாகச் சேர்க்கப்பட்ட வீரர்களை ஏற்றிக்கொண்டு டப்ளினிலிருந்து கப்பல்கள் புறப்பட்டன. வீரருள் பெரும்பாலோர் அயர்லாந்தின் ஏழை இளைஞர்கள். பனியும் சூறைக்காற்றும் சேர்ந்தெழுந்த அவ்விரவில் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ராச்டேல்' என்னும் இரு கப்பல்கள் கரையை விட்டு அகலவும் இயலாமல், ஒதுங்கவும் இடமில்லாமல் பாறைகளில் மோதிச் சிதைந்தன. ஏறத்தாழ நானூறு பேர் மாண்டனர். 'ராச்டேல்' மோதிய இடம் கரையிலிருந்து கூப்பிடு தொலைவுதான். அதில் இருந்தவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்' கப்பலின் தலைவனும் மாலுமிகளும் படகேறித் தப்பினர் என்பதை வரலாறு குறித்து வைத்திருக்கிறது. உடல்கள் ஒதுங்கிய அந்தக் கரையை ஒட்டியே பின்னாளில் தண்டவாளம் போடப்பட்டது. சீபாயிண்ட் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருப்போர் பார்க்கும் கடல் அந்தக் கடலே.

புயலில் அகப்பட்ட கப்பல்கள் அடைக்கலம் புகுவதற்கு ஒரு துறைமுகம் வேண்டும் என்ற குரல் அதன் பின்னரே வலுப்பெற்றது. நார்வேயிற் பிறந்து டப்ளினில் வாழ்ந்த ரிச்சர்ட் டவுச்சர் என்னும் மாலுமி இதற்காக ஆண்டுக்கணக்கில் விண்ணப்பம் எழுதினார். 1817ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. ஜான் ரென்னி பொறியாளராகப் பொறுப்பேற்றார். அருகிலிருந்த டால்கி குன்றிலிருந்து கருங்கல் வெட்டப்பட்டு, சரிவில் அமைத்த தண்டவாளத்தின்மீது தள்ளுவண்டிகளில் இறக்கப்பட்டது. நிறைவண்டி தன் எடையால் கீழிறங்கும்போது சங்கிலியின் மறுமுனையில் வெறுவண்டி மேலேறும். நீராவி வண்டி வருவதற்குப் பல்லாண்டு முன்னரே அவ்வூர் மக்களுக்குத் தண்டவாளம் பழகியிருந்தது என்பதும், அந்தத் தண்டவாளத்தின் முதற் சுமை கல்லே என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கன.

துறைமுகம் எழுந்துகொண்டிருக்கையில் ஊர் தன் பெயரை இழந்தது. ஐந்தாம் நூற்றாண்டில் அயர்லாந்தின் பேரரசனாக விளங்கிய லீரியின் கோட்டை என்பதே டன் லீரி என்ற பெயரின் பொருள். 1821ஆம் ஆண்டு நான்காம் ஜார்ஜ் மன்னர் அயர்லாந்துக்கு வந்து திரும்புகையில் இத்துறையில் கப்பலேறினார். அவர் வந்திறங்கியது வேறு துறையில். திரும்பிப் போனதுதான் இங்கே. போனதைக் கொண்டாடி ஊருக்குக் கிங்ஸ்டவுன் என்று பெயர் சூட்டினர். நினைவுத்தூண் ஒன்றும் நட்டனர். நான்கு கல் உருண்டைகளின்மேல் ஊசித்தூண், அதன்மேல் மெத்தை, மெத்தையின்மேல் மணிமுடி. இத்தூணைத் தம் அயர்லாந்துப் பயண நூலில் எள்ளி நகையாடியவர் ஓர் ஆங்கிலேயரே; நாவலாசிரியர் தாக்கரே.

நகரத்தையும் புதிய துறைமுகத்தையும் எவ்வாறு இணைப்பது என்பதில் இரு கட்சிகள் இருந்தன. கப்பல்களே நகருக்குள் வரும்படி பெரிய கால்வாய் வெட்ட வேண்டும் என்றது ஒன்று. இருப்புப்பாதை போதும் என்றது மற்றொன்று. ஜேம்ஸ் பிம் என்ற குவேக்கர் வணிகர் முன்னின்ற இருப்புப்பாதைக் கட்சி வென்றது. 1831இல் நாடாளுமன்றச் சட்டம் கிடைத்தது. சார்லஸ் விக்னோல்ஸ் பொறியாளர். வில்லியம் டார்கன் ஒப்பந்தக்காரர். அயர்லாந்தின் இருப்புப்பாதைகளுட் பலவற்றைப் பின்னர் அமைத்த டார்கனுக்கு இதுவே முதற் பெருவேலை.

வேலையினும் கடினமாக இருந்தவர்கள் கரையோர நிலக்கிழார்கள். தம் மாளிகைக்கும் கடலுக்கும் இடையே புகைவண்டி ஓடுவதைப் பொறுக்காத கிளான்கரி பிரபுவுக்கு இழப்பீட்டுப் பணத்துடன், பாதையின் குறுக்கே தனி நடைபாலமும் நீராடுதுறையும் கட்டித் தர வேண்டியிருந்தது. மெரியனுக்கும் பிளாக்ராக்குக்கும் இடையில் நிலமே வேண்டாமென்று கடலுக்குள்ளேயே கரையெழுப்பி அதன்மேற் பாதை போடப்பட்டது. அலையேறும்போது இருபுறமும் நீர், நடுவே புகைவண்டி. முதலில் தண்டவாளத்தைத் தாங்கக் கருங்கற்பாளங்களையே பதித்தனர். கல்லின் விறைப்புத்தன்மை வண்டிகளைக் குலுக்கிச் சிதைத்ததால் பின்னர் மரக்கட்டைகளுக்கு மாறினர். திறப்புக்குச் சில வாரங்களே இருந்தபோது, 1834 நவம்பரில், டாடர் ஆற்றில் பெருகிய வெள்ளம் பாலத்தை அடித்துச் சென்றது. தற்காலிகப் பாலம் அமைத்து, டிசம்பர் 17ஆம் நாள் காலை 'ஹைபர்னியா' என்ற எந்திரம் முதல் வண்டியை வெஸ்ட்லண்ட் ரோ நிலையத்திலிருந்து இழுத்துச் சென்றது. ஹைபர்னியா என்பது அயர்லாந்துக்கு ரோமானியர் இட்ட பெயர். ஐரிஷ் மொழியில் ஒரு பெயரை எந்திரத்துக்கு வைக்கலாம் என்று அன்று எவரும் எண்ணியதாகத் தெரியவில்லை.

முதல் வகுப்புக்கு 1 ஷில்லிங், மூன்றாம் வகுப்புக்கு 6 பென்ஸ் என்று கட்டணம் அமைந்தது. கப்பற் பயணிகளை நம்பித் தொடங்கிய நிறுவனத்துக்குக் கடலாட வந்த நகர மக்களே முதலில் வருவாய் ஈட்டித் தந்தனர். அவர்களைத் தொடர்ந்து வந்தவர் குடியேறினோர். வழக்கறிஞர், மருத்துவர், வணிகர் எனப் பொருள் படைத்தோர் கடற்காற்றையும் குறைந்த வரியையும் நாடிக் கரையோரத்தில் வீடு கட்டிக்கொண்டனர். 1801இல் தன் நாடாளுமன்றத்தை லண்டனிடம் இழந்தது முதலே டப்ளின் சோர்ந்திருந்தது. இப்பொழுது அதன் செல்வர் குடும்பங்கள் பல வண்டியேறி வெளியூர்க்காரர் ஆயின. அவர்கள் விட்டுச்சென்ற உயர்ந்த மாளிகைகளிற் பல அறைக்கு ஒரு குடும்பமாக ஏழைகள் நெருங்கி வாழும் குடியிருப்புகளாயின. புறநகர் வண்டியின் பெருமையைப் பேசும் நூல்கள் இந்த மறுபக்கத்தை விரைந்து கடந்துவிடுகின்றன.

1840களில் இப்பாதைக்கு ஒரு விந்தை வால் முளைத்தது. கிங்ஸ்டவுனிலிருந்து டால்கி வரை ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மைல் தொலைவுக்கு, எந்திரம் இல்லாமலே வண்டியை ஓட்ட முனைந்தனர். தண்டவாளங்களுக்கு நடுவே 15 அங்குல விட்டமுள்ள இரும்புக் குழாய். அதற்குள் ஓர் உந்துதண்டு. டால்கியில் நின்ற நீராவிப் பொறி குழாயிலிருந்து காற்றை உறிஞ்சிவிட, பின்னாலுள்ள வளிமண்டலத்தின் அழுத்தம் உந்துதண்டைத் தள்ளும். அதனோடு பிணைந்த வண்டி மேட்டில் ஏறும். குழாயின் மேற்பிளவை மூடிய தோற்பட்டைக்குக் கொழுப்புப் பூசுவர். திரும்பும் வழியில் சரிவே வண்டியை உருட்டிக்கொண்டு வந்துவிடும். நிலையத்தை எட்டாமல் வண்டி நின்றுவிட்டால் மூன்றாம் வகுப்புப் பயணிகள் இறங்கித் தள்ள வேண்டும் என்பார்கள். முதல் வகுப்பார் அமர்ந்தே இருப்பார்கள் போலும்! 1844 மார்ச் மாதம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட இவ்வண்டியைப் பார்க்கப் பல நாட்டுப் பொறியாளர்கள் வந்தனர். புருனெல் பார்த்துச் சென்று இங்கிலாந்தின் தென்மேற்கில் இதைப்போன்று ஒன்று அமைத்துத் தோல்வி கண்டார். டால்கியில் அது 1854 வரை ஓடியது. பின்னர் நீராவி எந்திரமே வந்தது. 1856க்குள் பாதை பிரே வரை நீண்டது.

அந்தப் பத்தாண்டுகளில் அயர்லாந்தில் வேறு என்ன நடந்தது என்பதை இங்கே சொல்லாமல் விட முடியாது. 1845இல் உருளைக்கிழங்குப் பயிரைத் தாக்கிய நோயினால் மூண்ட பெரும்பஞ்சம் 1850களின் தொடக்கம் வரை நீடித்தது. ஏறத்தாழ பத்து லட்சம் பேர் பசியாலும் காய்ச்சலாலும் இறந்தனர். அதற்கும் மேற்பட்டோர் நாட்டை விட்டு ஓடினர். காற்றால் ஓடும் வண்டியைக் காணச் சீமான்கள் டால்கிக்கு வந்துகொண்டிருந்த காலமும், மேற்குக் கரைச் சிற்றூர்கள் ஆளின்றிப் போன காலமும் ஒன்றே. 1849 ஆகஸ்டில் விக்டோரியா அரசியார் கிங்ஸ்டவுனில் இறங்கி, இந்த வண்டியிலேயே டப்ளினை நோக்கிச் சென்றார். வழிநெடுக ஆரவாரம் எழுந்தது. பஞ்சம் பார்க்கத்தக்க இடங்களில் இல்லை. கடலோரத்து ஆறு மைலில் அது கண்ணுக்குப் படவில்லை.

1859இல் கார்லைல் துறைமேடை திறக்கப்பட்டது. தண்டவாளம் மேடையின்மேலேயே சென்று கப்பலின் விலாவை ஒட்டி நின்றது. பயணி மழையில் நனையாமல் வண்டியிலிருந்து கப்பலுக்கு மாறலாம். அடுத்த ஆண்டு அஞ்சல் ஒப்பந்தத்தின்கீழ் நான்கு புதிய கப்பல்கள் ஓடலாயின. அல்ஸ்டர், மன்ஸ்டர், லென்ஸ்டர், கானாட் என்று அயர்லாந்தின் நான்கு மாகாணங்களின் பெயர்களை அவை தாங்கின. மறுகரையில் வேல்ஸ் நாட்டு ஹோலிஹெட். அங்கிருந்து லண்டன் யூஸ்டன் நிலையம் வரை 'ஐரிஷ் மெயில்' என்ற விரைவு வண்டி.

அந்த வண்டியில் அஞ்சற் பைகளுடன் ஒரு கடிகாரமும் வந்துகொண்டிருந்தது. நாள்தோறும் லண்டன் கடற்படை அலுவலகத்தின் தூதன் ஒருவன் சரியான நேரம் காட்டும் கடிகாரத்தை யூஸ்டனில் வண்டிக் காவலரிடம் ஒப்படைப்பான். ஹோலிஹெட்டில் நேரம் கப்பல் அலுவலரிடம் சொல்லப்படும். கிங்ஸ்டவுன் வழியாக அது டப்ளினை அடையும். தந்தியும் வானொலியும் வந்த பின்னரும் இவ்வழக்கம் 1939 வரை விடாமல் நடந்தது என்பது வியப்புக்குரியது. இதில் ஒரு நகைமுரண் உண்டு. அயர்லாந்துக்கு அன்று தனி நேரம் இருந்தது. 1880ஆம் ஆண்டுச் சட்டப்படி டப்ளின் நேரம் கிரீனிச் நேரத்துக்கு 25 நிமிடம் பின்தங்கியது. ஆகவே லண்டனிலிருந்து வந்த கடிகாரம் டப்ளினின் எந்தக் கடிகாரத்தோடும் ஒத்திருக்கவில்லை. இந்த 25 நிமிடத்தை 1916 அக்டோபர் முதல் நாளில் சட்டத்தால் நீக்கினர். அவ்வாண்டு ஏப்ரலில் எழுந்த கிளர்ச்சியை அடக்கி, அதன் தலைவர்களைச் சுட்டுக்கொன்ற சில மாதங்களில் நேரமும் பறிபோயிற்று. நாடு விடுதலை பெற்ற பின் நேரத்தை எவரும் திரும்பக் கேட்கவில்லை.

இப்பாதை இலக்கியத்துக்கு அளித்த கொடை பெரிது. கவிஞர் யேட்ஸ் 1865இல் பிறந்தது இதன் அருகிலுள்ள சாண்டிமவுண்டில். நாடகாசிரியர் சிங் தம் தாயுடன் கிங்ஸ்டவுனில் பல்லாண்டு வாழ்ந்தார். கடலில் மகன்களை இழக்கும் மேற்குத் தீவுத் தாயைப் படைத்த அவர், நாள்தோறும் கண்டது அஞ்சற் கப்பல் ஓடிய கடல். ஜேம்ஸ் ஜாய்ஸின் வாழ்க்கையையோ இப்பாதையின் நிலையங்களைக் கொண்டே வரைந்துவிடலாம். அவர் தந்தை 1887இல் குடும்பத்துடன் பிரே கடற்கரையில் குடியேறினார். வண்டிக் கட்டணத்துக்கு அஞ்சி மனைவியின் உறவினர் வரமாட்டார்கள் என்பது அவர் கணக்கு என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர் எழுதுகின்றனர். உறவினர் வரத்தான் செய்தனர். தந்தையின் பொருள்நிலை சரியச்சரிய குடும்பம் தண்டவாளத்தின் வழியே நகரை நோக்கி நகர்ந்தது. 1892இல் பிளாக்ராக், அதன்பின் டப்ளினுக்குள் மாறிமாறி வாடகை வீடுகள். செல்வர் நகரை விட்டு வெளியேறிய பாதையில், நொடித்த குடும்பம் ஒன்று எதிர்த்திசையில் சென்றது.

1904 செப்டம்பரில் சாண்டிகோவில் உள்ள மார்ட்டெல்லோ கோபுரத்தில் ஜாய்ஸ் சில இரவுகள் தங்கினார். நெப்போலியன் படையெடுப்புக்கு அஞ்சி ஒரு நூற்றாண்டு முன்னர்க் கட்டிய காவற்கோபுரம் அது. 1922இல் வெளிவந்த 'யுலிசிஸ்' நாவல் அந்தக் கோபுரத்தின் உச்சியிலேயே தொடங்குகிறது. அதன் நாயகன் புளூம் தனக்கு வந்த மறைமுகக் கடிதத்தை வாங்கிக்கொள்வது வெஸ்ட்லண்ட் ரோ அஞ்சலகத்தில். டப்ளின் நேரத்துக்கும் கிரீனிச் நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிக் குழம்புபவனும் அவனே. நாவல் நிகழும் 1904இல் இருந்த 25 நிமிடம், நாவல் வெளிவந்த 1922இல் இல்லை.

பெக்கெட்டின் கதை வேறு. எழுத்தின் புதுவழி தனக்குப் புலப்பட்ட தருணத்தை 'கிராப்பின் கடைசி ஒலிநாடா' நாடகத்தில் அவர் புயல் வீசும் துறைமேடை ஒன்றில் நிகழ்த்திக் காட்டினார். அந்த மேடை டன் லீரியின் கிழக்கு மேடையே என்று அன்பர்கள் கொண்டு, அங்கே நினைவுப் பலகையும் பதித்தனர். ஆனால் உண்மையில் அது நிகழ்ந்தது தம் தாயின் அறையில் என்று பெக்கெட் பின்னாளில் தெளிவுபடுத்தினார். பலகை பிழையென்று அதைப் பெயர்த்தெடுக்க வேண்டியதில்லை. படைப்பு ஓர் இடத்தை உரிமையாக்கிக்கொள்ளும் முறை அதுதான்.

1916 ஏப்ரல் கிளர்ச்சியில் இப்பாதை போர்க்களமாயிற்று. டி வலேராவின் படைப்பிரிவினர் வெஸ்ட்லண்ட் ரோ நிலையத்தைக் கைப்பற்றித் தண்டவாளங்களைப் பெயர்த்தனர். ஏப்ரல் 26ஆம் நாள் கிங்ஸ்டவுனில் வந்திறங்கிய ஆங்கிலேயப் படையினர், பலரும் பயிற்சி முடியாத இளைஞர்கள், ஆறு மைலையும் நடந்தே கடக்க நேர்ந்தது. எந்த நாட்டில் இறங்கியிருக்கிறோம் என்பதே சிலருக்குத் தெரியவில்லை. பிரான்ஸ் என்று நினைத்தனராம். கரையோரச் செல்வர் குடியிருப்புகளில் அவர்களுக்கு நல்ல வரவேற்பு. நகரின் நுழைவாயிலாகிய மவுண்ட் ஸ்ட்ரீட் பாலத்தில், ஒரு சில வீடுகளில் மறைந்திருந்த பதினேழு கிளர்ச்சியாளர்கள் அவர்களை எதிர்கொண்டனர். படையினருள் இருநூறுக்கும் மேற்பட்டோர் வீழ்ந்தனர் அல்லது காயமுற்றனர். 1807இல் அயர்லாந்து இளைஞர் கப்பலேறி மாண்ட கரையில், 1916இல் ஆங்கில இளைஞர் கப்பலிறங்கி மாண்டனர்.

கிளர்ச்சியின் அறிக்கையில் ஒப்பமிட்ட எழுவரில் பியர்ஸ், மெக்டொனா, பிளங்கட் ஆகிய மூவர் கவிஞர்கள். பியர்ஸ் ஐரிஷ் மொழியில் எழுதியவர். இருமொழிப் பள்ளி நிறுவியவர். மெக்டொனா பல்கலைக்கழகக் கல்லூரியில் இலக்கியம் கற்பித்தவர். மே 3ஆம் நாள் பியர்ஸும் மெக்டொனாவும், மறுநாள் பிளங்கட்டும் சுடப்பட்டனர்.

1918 அக்டோபர் 10ஆம் நாள் காலை கார்லைல் மேடையிலிருந்து புறப்பட்ட 'லென்ஸ்டர்' அஞ்சற் கப்பல், ஜெர்மானிய நீர்மூழ்கியின் தாக்குதலில் மூழ்கியது. ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கப்பலிலேயே அஞ்சல் பிரித்துக்கொண்டிருந்த 22 ஊழியர்களில் ஒருவர் மட்டுமே உயிர் தப்பினார். போர் முடிய ஒரு மாதமே இருந்தது. தாக்கிய நீர்மூழ்கியும் தாய்நாடு திரும்பும் வழியில் கண்ணிவெடியிற் சிக்கி அனைவரோடும் அழிந்தது. இறந்தோருட் பலர் பிரிட்டிஷ் சீருடை அணிந்திருந்தனர். ஆதலால் விடுதலை பெற்ற அயர்லாந்தில் நெடுங்காலம் அவர்களைப் பற்றி உரக்கப் பேசுவாரில்லை.

1920இல் ஊர் தன் பழம்பெயரை மீட்டுக்கொண்டது. டன் லீரி என்ற ஒலி பழையதே. ஆயினும் ஆங்கில எழுத்துக்கூட்டலை விட்டு ஐரிஷ் எழுத்துக்கூட்டலோடு அது திரும்பி வந்தது. படிக்கத் திணறும் அயலார் இன்றும் உண்டு. அந்தத் திணறலுக்காக ஊரார் எழுத்தை மாற்றவில்லை. அடுத்த ஆண்டு லண்டனில் உடன்படிக்கை பேசச் சென்ற தூதுக்குழுவினர் இத்துறையிலிருந்தே கப்பலேறினர். டிசம்பர் தொடக்கத்தில் வரைவைக் காட்ட மைக்கேல் காலின்ஸ் திரும்பி வந்தபோது, அவர் வந்த அஞ்சற் கப்பல் நள்ளிரவில் பாய்மரக் கப்பல் ஒன்றின்மீது மோதி, அதிலிருந்த மூவர் இறந்தனர். உறக்கமிழந்து கரையிறங்கியவர் நேரே அமைச்சரவை விவாதத்துக்குச் சென்றார்.

விடுதலைக்குப் பின் அஞ்சற் கப்பல் வெறுமையாக ஓடும் என்று எவரேனும் நினைத்திருந்தால் அது பொய்த்தது. 1951 முதல் 1961 வரையிலான பத்தாண்டுகளில் மட்டும், வந்தோரைக் கழித்துப் பார்த்தால், நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் குடியரசை விட்டு வெளியேறினர். 1961இல் மக்கள்தொகை 28 லட்சமாகச் சுருங்கியது. கட்டட வேலைக்கு ஆண்களும், செவிலியர் பணிக்கும் வீட்டு வேலைக்கும் பெண்களும் போயினர். மேற்கு மாவட்டத்திலிருந்து டப்ளின் வந்து, வெஸ்ட்லண்ட் ரோவில் மாலை வண்டி பிடித்து, கார்லைல் மேடையில் இறங்கி, இரவெல்லாம் கடலிலும் வண்டியிலுமாகக் கழித்து, விடியலில் யூஸ்டனில் நிற்பர். அந்த வண்டியில் பணி முடிந்து வீடு திரும்பும் எழுத்தரும் இருப்பார். வீட்டைத் துறந்து போகும் இளைஞனும் இருப்பான். ஒருவர் பிளாக்ராக்கில் இறங்கிக்கொள்ள, மற்றவன் கடைசி வரை போவான். நாட்டு விடுதலையைப் பாடிய கவிதைகள் ஏராளம். அந்த விடுதலை சோறு போடாத இந்தப் பத்தாண்டைப் பற்றிய கவிதைகள் குறைவு.

அதனினும் குறைவாகப் பேசப்பட்ட பயணம் ஒன்று உண்டு. மணமாகாமல் கருவுற்ற பெண்கள், ஊராரின் கண்ணுக்கும் தம் நாட்டு விடுதிகளின் கொடுமைக்கும் அஞ்சி இங்கிலாந்துக்குக் கப்பலேறினர். 1967இல் பிரிட்டனில் கருக்கலைப்புச் சட்டம் வந்தபின், தம் நாட்டில் அதற்கு வழியற்ற ஆயிரமாயிரம் பெண்கள் அதே கடலைக் கடந்தனர். 'கப்பல் ஏறிப் போனாள்' என்றாலே பொருள் விளங்கும் அளவுக்கு அது வழக்காயிற்று. குடிபெயர்ந்தவனைத் துறையில் வழியனுப்பச் சுற்றம் வந்தது. இவளை வழியனுப்ப ஒருவரும் வரவில்லை. குடிபெயர்ந்தவன் வருந்திப் பாடினான்; இவள் இரண்டு மூன்று நாளில் அதே வண்டியில் திரும்பி வந்து, காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டாள். 2018 மே 25ஆம் நாள் நடந்த பொதுவாக்கெடுப்பு அரசியற் சட்டத்தின் தடையை நீக்கியது. 2019 முதல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. துறைமேடைகளில் மன்னருக்கும் மாலுமிக்கும் எழுத்தாளருக்கும் நினைவுச் சின்னங்கள் இருக்க, இவர்கள் கால்பட்ட கற்கள் எவையென்று அறிவார் இலர்.

1966இல், கிளர்ச்சியின் பொன்விழாவை ஒட்டி, பதினைந்து புகைவண்டி நிலையங்களுக்கு மரண தண்டனைக்குள்ளான தலைவர்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. வெஸ்ட்லண்ட் ரோ, பியர்ஸ் நிலையமாயிற்று. பியர்ஸும் அவருடன் மாண்ட இளவல் வில்லியும் பிறந்த வீடு அருகிலேயே உள்ளது. மெக்டொனாவின் பெயர் கில்கென்னி நிலையத்துக்கும், பிளங்கட்டின் பெயர் வாட்டர்ஃபோர்டு நிலையத்துக்கும் சென்றன. டன் லீரி நிலையம், பட்டு நெசவாளரும் தொழிற்சங்கத்தாருமாகிய மைக்கேல் மல்லினின் பெயரைப் பெற்றது. ஒரு மொழியில் பாடியதற்காகவும் அந்த மொழிக்குரியோர் ஆளவேண்டும் என்று எழுந்ததற்காகவும் உயிர்விட்ட கவிஞன் ஒருவனின் பெயரை, நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் பயணச்சீட்டு வாங்கும்போது சொல்கின்றனர். அவன் கவிதையை அவருள் எத்தனை பேர் படித்தனர் என்பது வேறு வினா.

துறைமுகத்தின் தேய்வு மெல்ல வந்தது. 1965 முதல் மகிழுந்தை ஏற்றிச் செல்லும் கப்பல்கள் ஓடலாயின. அவற்றுக்கு வண்டியின் துணை தேவையில்லை. விமானக் கட்டணமும் குறைந்துகொண்டே வந்தது. 1980 அக்டோபரில் கார்லைல் மேடைக்குச் செல்லும் கப்பல் வண்டி நின்றது. ஆனால் 1984 ஜூலை 23ஆம் நாள் அதே பாதையில், வடக்கே ஹவுத் முதல் தெற்கே பிரே வரை, டார்ட் என்னும் மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. 1996இல் மிகுவிரைவுக் கப்பல் ஒன்று டன் லீரிக்கு வந்து சில ஆண்டுகள் கூட்டம் சேர்த்தது. எரிபொருள் விலையும் டப்ளின் துறைமுகத்தின் போட்டியும் அதை வீழ்த்தின. 2014 செப்டம்பரில் அது போனதோடு, ஹோலிஹெட் கடவைக்கு டன் லீரி அளித்துவந்த இடம் முடிந்தது.

மெரியனுக்கும் பிளாக்ராக்குக்கும் இடையே கடலுக்குள் எழுப்பிய கரையின் உட்புறம், அன்று கடலிலிருந்து பிரிந்த நீர் தேங்கிச் சதுப்பாயிற்று. அதன் ஒரு பகுதியைத் தூர்த்துப் பூங்கா ஆக்கினர். பூட்டர்ஸ்டவுனில் எஞ்சிய பகுதி பறவைகளின் புகலிடமாகக் காக்கப்படுகிறது. கரையின் அடியிலுள்ள வழியே ஓதநீர் இன்றும் வந்து போகிறது. வண்டியின் ஒருபக்கச் சன்னலில் கடல். மறுபக்கம் நாணலும் நாரையும். காலை வண்டியில் நிற்போர் பெரும்பாலும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பர். நிலையத்தின் பெயர் முதலில் ஐரிஷிலும் பின்னர் ஆங்கிலத்திலும் அறிவிக்கப்படுகிறது. நடைமேடைக் கடிகாரம் மட்டும் லண்டன் நேரத்தையே காட்டுகிறது.